சிறிய கடைக்குக் கட்டுப்படியாகும் எலக்ட்ரானிக் கதவுப் பூட்டு: எதை வாங்கலாம்?

கேள்வி

வணக்கம். கைபேசி, லேப்டாப் பழுது பார்க்கும் கடை நடத்துகிறேன். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். கதவுகள் இரண்டுதான்: முன்னால் சட்டமில்லாத கண்ணாடிக் கதவு, உள்ளே ஸ்டோர் ரூமுக்கு ஒரு மரக்கதவு. ஸ்டோர் ரூமில் உதிரிபாகங்களோடு வாடிக்கையாளர்கள் கொடுத்துவிட்டுப் போன சாதனங்களும் இருக்கும். உதிரிபாகம் போனால் பணத்தோடு போயிற்று. ஒருவருடைய போன் போனால் அவருடைய படங்கள், வேலைக் கோப்புகள், வங்கிக் கணக்கு எல்லாம் அதோடு போகும், அதற்கு நான் என்ன ஈடு கொடுக்க முடியும்?

இதுவரை சாவிதான் வைத்திருந்தோம், நான்கு பேரிடம். ஒரு பையன் வேலையை விட்டுப் போனபோது சாவி தொலைந்துவிட்டது என்றான். உண்மையாகவும் இருக்கலாம், ஆனாலும் பூட்டை மாற்ற வேண்டியதாயிற்று. ஆறு மாதம்கூட ஆகவில்லை, இன்னொருவர் சாவிக்கொத்தைப் பயணத்தில் எங்கேயோ விட்டுவிட்டார். மறுபடியும் பூட்டு மாற்றம், மறுபடியும் நான்கு சாவி.

அதைவிட என்னை உலுக்கியது போன மாதம் நடந்தது. பழுதுக்கு வந்த ஒரு போனை இரண்டு நாள் காணவில்லை. கடைசியில் வேறு தட்டில், ஒரு பெட்டிக்குப் பின்னால் இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் கடையில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நானும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்நேரம் யார் ஸ்டோருக்குள் போனார்கள் என்று ஒரு பதிவு இருந்திருந்தால் அந்த வேதனை யாருக்கும் வந்திருக்காது.

அதனால் எலக்ட்ரானிக் பூட்டு போடலாம் என்று இருக்கிறேன். நம்பர் அழுத்துவது, கார்டு, விரல் ரேகை, போன் ஆப் என்று கடைக்காரர் ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்கிறார்கள். பெரிய நிறுவனங்களுக்கான சிஸ்டம் எனக்குக் கட்டுப்படியாகாது. கட்டடம் வாடகைக்கு எடுத்தது. மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

பதினைந்து வருடமாக இந்தப் பூட்டுகளைப் பொருத்தும் வேலைதான் செய்கிறேன். எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன் கதவைப் பாருங்கள். கதவைத் திறந்து கையை விட்டால் அது தானாக வந்து முழுசாக மூடுகிறதா? கடைசி இரண்டு விரற்கடையில் நின்றுவிடுகிறதா? கீல் தொய்ந்திருக்கிறதா? நல்ல டோர் குளோசர் இல்லாத கதவில் கார்டையோ நம்பரையோ படிக்கும் ரீடர் எவ்வளவு விலை உயர்ந்ததை மாட்டினாலும் அது சுவரில் ஒரு விளக்கு மட்டும்தான். என்னைப் பழுதுக்குக் கூப்பிடுகிற இடங்களில் பாதிக்குப் பாதி எலக்ட்ரானிக்ஸ் நன்றாகத்தான் இருக்கும், கதவுதான் மூடியிருக்காது.

அடுத்து பூட்டு வகை. கண்ணாடிக் கதவுக்குக் காந்தப் பூட்டுதான் பொதுவாகச் சரிப்படும், கண்ணாடியைப் பிடிக்கும் யு வடிவ பிராக்கெட் தனியாகக் கிடைக்கும். காந்தக் கட்டை மேலே நிலைச்சட்டத்தில், இரும்புத் தகடு கதவில். சின்னக் கதவுகளுக்கு 280 கிலோ பிடிப்புள்ளது போதும். இதில் ஒரு விஷயத்தை நிறைய பேர் கெடுத்துவிடுகிறார்கள். அந்த இரும்புத் தகட்டுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வாஷர் வரும், தகடு லேசாக ஆடுவதற்காக. ஆடினால்தான் அது காந்தத்தின் முகத்தோடு ஒட்டிப் படியும். பொருத்துகிறவர் "ஆடுகிறதே" என்று நட்டை இறுக்கிவிடுவார், தகடு ஒரு ஓரத்தில் மட்டும் தொடும், நடுவில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். அப்புறம் தோளால் ஒரு தள்ளு தள்ளினால் கதவு திறந்துகொள்ளும், பழி பூட்டுக் கம்பெனி மேல். வேலை முடிந்ததும் நீங்களே தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் அசைய வேண்டும்.

மரக்கதவுக்குக் காந்தம் வேண்டாம், எலக்ட்ரிக் ஸ்ட்ரைக் போடுங்கள். இப்போதுள்ள பூட்டின் நாக்கு போய் விழுகிற இடத்தில், நிலைக்குள் பொருத்துவது. கார்டைக் காட்டினால் அந்த வாய் விட்டுக்கொடுக்கும், கதவு திறக்கும். உள்ளே இருப்பவர் வழக்கம்போல் கைப்பிடியைத் திருப்பி வெளியே வரலாம். பழைய சாவியும் வேலை செய்யும்.

மின்சாரம் பற்றிய உங்கள் பயத்துக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கும், போனால் விட்டுவிடும். ஸ்ட்ரைக் இரண்டு வகையிலும் வருகிறது, ஸ்டோருக்கு மின்சாரம் போனாலும் பூட்டியே இருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆள் வெளியேறும் முன்கதவு திறந்துகொள்வதுதான் முறை, பொருள் இருக்கும் கதவு பூட்டியே இருப்பதுதான் முறை. இதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். முன்கதவுக்கு இரவில் கடையைச் சாத்தும்போது போடுகிற பழைய பூட்டையோ ஷட்டரையோ எடுத்துவிடவும் கூடாது, காந்தம் பகல் நேரத்துக்கு மட்டும்தான்.

பதில் 2

நாங்கள் அச்சகம் நடத்துகிறோம். விரல் ரேகை பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடையிலும் கை வேலைதான்.

கார்டு என்றால் மறந்துவிடுவார்கள், நம்பர் என்றால் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், விரல் என்றால் யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்து விரல் ரேகை சாதனம் போட்டோம். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. இயந்திரத்தில் நிற்பவர்களுக்கு இல்லை. மை துடைக்கும் கரைப்பானில் நாள் முழுக்கக் கை நனைந்து தோல் வறண்டு போயிருக்கும், ரேகை தேய்ந்திருக்கும். எங்களிடம் இருபது வருடமாக வேலை பார்க்கும் ஒருவர் தினமும் காலையில் கதவு முன் நின்று, விரலை வாயால் ஊதி, வேட்டியில் துடைத்து, மறுபடி வைத்து, நான்கைந்து முறை சிவப்பு விளக்கு எரிந்த பிறகு யாராவது உள்ளிருந்து வந்து திறந்துவிடுவார்கள். பின்னால் வரிசை நிற்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தன் கடை மாதிரி நினைத்து உழைத்த மனிதரைத் தினமும் வாசலில் நிற்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று மாதத்தில் அவருக்கும் இன்னும் நான்கு பேருக்கும் கார்டு கொடுத்தோம், பிறகு எல்லோருக்குமே கார்டு என்று ஆகிவிட்டது.

நீங்களும் சால்டரிங்குக்குப் பூசும் ஃபிளக்ஸ், துடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்று கையில் படும் வேலைதானே. யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கார்டு தொலைந்தால் அந்த எண்ணை அழித்துவிட்டு வேறு கொடுக்கலாம். ரேகை விவரம் ஒரு முறை வெளியே போய்விட்டால் அந்த ஆளுக்கு வேறு விரலா கொடுக்க முடியும்? பல நாடுகளில் இதற்குக் கடுமையான சட்டமும் இருக்கிறது. ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் ஆளை அடையாளம் காணப் பயன்படுத்தும் உடல் அடையாள விவரங்களைத் தனிப் பாதுகாப்பு வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. ஒன்பது பேர் கடைக்கு இந்தப் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று பாருங்கள்.

கேட்டவர்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அச்சகத்தில் நடந்ததைப் படித்ததும் விரல் ரேகை யோசனையை விட்டுவிட்டேன். எங்களிடமும் சால்டரிங் செய்யும் ஒருவருக்கு விரல் நுனியெல்லாம் காய்ப்புத்தான்.

இப்போது நம்பர் அல்லது கார்டு. ஒரு கடைக்காரர் ஒரே பெட்டியில் எல்லாம் அடங்கிய கீபேட் காட்டினார்: நம்பரும் போடலாம், கார்டும் காட்டலாம், ஆயிரம் பேர்வரை பதியலாம், கம்ப்யூட்டரே வேண்டாம், விலையும் எனக்குப் பிடித்திருந்தது. இதை வாங்கிவிடலாமா? கார்டை நகல் எடுக்க முடியும் என்று எங்கள் பையன் ஒருவன் சொல்கிறான், அது உண்மையா?

பதில் 3

பையன் சொல்வது உண்மைதான், விவரமாகச் சொல்கிறேன்.

விலை குறைந்த கார்டுகளில் பெரும்பாலானவை 125 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசும் வகை. இஎம்4100 என்ற சிப், அல்லது அதைப் போன்றது. ரீடருக்கு அருகில் வந்ததும் தன் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது. கேட்பது யார் என்று அது பார்ப்பதே இல்லை. கையடக்கமான ஒரு நகல் கருவியும் டி5577 என்ற எழுதக்கூடிய வெற்று கார்டும் இருந்தால் சில வினாடிகளில் இன்னொரு கார்டு தயார். உங்கள் கடையில் வேலை செய்பவர்கள் எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள், அவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை.

அடுத்தது 13.56 மெகாஹெர்ட்ஸ். இதில் மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு வகை 1994இல் வந்தது, இன்னமும் நிறைய விற்கிறது. அதன் ரகசியக் கணக்கீட்டு முறையை 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முழுசாக உடைத்துக் காட்டிவிட்டார்கள். அது போதாதென்று, விலை குறைந்த ரீடர்கள் அந்த ரகசியப் பகுதியைத் தொடுவதே இல்லை, கார்டின் வரிசை எண்ணை மட்டும் படித்துக் கதவைத் திறந்துவிடும். அந்த எண்ணை மாற்றி எழுதக்கூடிய கார்டுகளும் வெளியே கிடைக்கின்றன. ஆகவே "13.56 என்றால் பாதுகாப்பு" என்று கடைக்காரர் சொன்னால் அதோடு விடாதீர்கள். "இந்த ரீடர் மைஃபேரிலேயே பாதுகாப்பு கூடிய டெஸ்ஃபயர் கார்டைப் படிக்குமா, படித்தால் ரகசியச் சாவியை வைத்துச் சரிபார்க்குமா, இல்லை வரிசை எண்ணை மட்டும் படிக்குமா?" என்று கேளுங்கள். டெஸ்ஃபயரில் இவி1 என்ற பதிப்பு முதல் ஏஇஎஸ்-128 என்ற வலுவான குறியாக்கம் இருக்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்தும் ரீடர் என்றால் நகல் பயம் இல்லாமல் தூங்கலாம்.

ஆனால் உங்களுக்கு இரண்டு கதவிலும் அதெல்லாம் வேண்டுமா என்றால், எனக்கென்னவோ வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. முன்கதவு பகலில் எப்படியும் வாடிக்கையாளருக்குத் திறந்தே இருக்கும். பணத்தை ஸ்டோர் கதவில் போடுங்கள். அங்கே கார்டும் நம்பரும் இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும் என்று வைத்துவிட்டால் சாதாரணக் கார்டாக இருந்தாலும் நகல் எடுத்தவனுக்கு நம்பரும் தெரிந்திருக்க வேண்டும். அந்த நம்பர் ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே நம்பர் என்றால் யார் போனார்கள் என்ற பதிவும் இருக்காது, ஒருவர் வேலையை விட்டால் எல்லோருக்கும் மாற்ற வேண்டியிருக்கும், சாவிக்கு நடந்த கதைதான் மறுபடியும்.

பொது நம்பருக்கு இன்னொரு கேடும் உண்டு. நான்கு இலக்கம் என்றால் பத்தாயிரம் சேர்க்கைகள். ஆனால் ஒரே நம்பரை ஒரு வருடம் அழுத்தினால் அந்த நான்கு பொத்தான்கள் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும், எழுத்து மங்கியிருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தாலே தெரியும். நான்கும் வேறு வேறு எண்கள் என்றால் மிச்சம் 24 சேர்க்கைகள்தான், பொறுமையாக நின்றால் ஐந்து நிமிட வேலை.

பதில் 1 எழுதியவர்

அந்த ஒரே பெட்டிக் கீபேடை வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம்.

அந்த மாதிரிப் பெட்டியில் கதவைத் திறக்கும் ரிலே, அதாவது பூட்டின் மின்சாரத்தை மாற்றும் சுவிட்ச், உள்ளேயே இருக்கும். பெட்டி எங்கே இருக்கும்? கதவுக்கு வெளியே. அதன் அடியில் ஒரு சின்ன திருகு, அதைக் கழற்றினால் முகப்பு கையோடு வரும், பின்னால் பூட்டுக்குப் போகும் வயர்கள் வண்ண வண்ணமாகத் தொங்கும். எந்த இரண்டைத் தொட வைக்க வேண்டும், அல்லது எதை வெட்ட வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே படம் போட்டிருக்கும். கார்டும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். கழற்றினால் கத்தும் டாம்பர் அலாரம் சிலவற்றில் உண்டு, கதவு திறந்த பிறகு கத்தி என்ன பயன்?

அதனால் ரீடர் வெளியே, திறக்கலாமா என்று முடிவு செய்யும் கன்ட்ரோலர் உள்ளே என்று இரண்டாகப் பிரித்து வாங்குங்கள். இரண்டு கதவுக்கான கன்ட்ரோலர் போர்டு ஒன்றே போதும், ஸ்டோருக்குள் ஒரு இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துவிடலாம். வெளியே இருக்கும் ரீடரை எவனாவது பிடுங்கிக்கொண்டு போனாலும் கதவு திறக்காது. இப்படிப் பிரித்து வாங்குவதற்குக் கொஞ்சம் கூடச் செலவாகும், ஆனால் நான் இந்தத் தொழிலில் கற்றதில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ரீடரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் பேச்சு பெரும்பாலும் வீகன்ட் என்ற பழைய முறையில் இருக்கும். 26 பிட், அதில் 8 பிட் இடக் குறியீடு, 16 பிட் கார்டு எண், மிச்சம் இரண்டு சரிபார்ப்புக்கு. குறியாக்கம் எதுவும் கிடையாது, வயரில் ஒட்டுக் கேட்டால் கேட்கும். ஓஎஸ்டிபி என்ற புதிய முறை ஆர்எஸ்-485 என்ற வகை வயர் இணைப்பில் இரு பக்கமும் பேசும், ஏஇஎஸ்-128 குறியாக்கத்தோடு. 2020இல் அது ஐஇசி 60839-11-5 என்ற சர்வதேசத் தரமும் ஆயிற்று. கட்டுப்படியானால் அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் வீகன்ட் வயரைச் சுவருக்குள் ஓட விடுங்கள், வெளியே தெரியாமல் இருந்தாலே ஒன்பது பேர் கடைக்கு நிறையப் பயன்.

வயர் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன். பூட்டுக்கு மின்சாரம் கொடுக்க நெட்வொர்க் கேபிளின் ஒற்றை ஜோடியைப் பயன்படுத்துவார்கள், கையில் இருக்கிறதே என்று. காந்தப் பூட்டு 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். அந்த மெல்லிய கம்பியில் 25 மீட்டர் போய்த் திரும்பி வருவதற்குள் ஏறத்தாழ இரண்டு வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும், பூட்டுக்கு மிஞ்சுவது 10 வோல்ட் சொச்சம். பூட்டு ஓடும், விளக்கு காட்டும், பிடிப்பு மட்டும் குறைந்துவிடும். ஒரு ஸ்கொயர் எம்எம் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. அப்புறம் பூட்டின் இரு முனைகளுக்குக் குறுக்கே மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்றைத் தலைகீழாகப் போடச் சொல்லுங்கள். தலைகீழாக என்றால் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். பூட்டை அணைக்கும் நொடியில் சுருளிலிருந்து திரும்பி அடிக்கும் மின்னழுத்தம் ரிலேயின் முனைகளைக் கருக்கிவிடும், சில நேரம் ரீடரே தானாக அணைந்து எழும். உங்கள் கடையில் அந்த டயோடு டப்பா நிறைய இருக்கும், இல்லையா? பூட்டுக்குள்ளேயே அது இருக்கிறதா என்று முதலில் கையேட்டைப் பாருங்கள்.

பதில் 4

மேலே சொன்னவர் அனுபவசாலி, அவர் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வாடகைக் கட்டடம் என்று கேள்வியிலேயே இருக்கிறது. சுவரைக் குடைந்து வயர் ஓட்ட உரிமையாளர் சம்மதிப்பாரா? காலி செய்யும்போது அதையெல்லாம் கழற்றிக்கொண்டு போக முடியுமா?

நான் ஒரு சின்ன கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன், அதுவும் வாடகைதான். எங்கள் கோப்பு அறைக்கு பேட்டரியில் ஓடும் பூட்டுத்தான் போட்டேன். பழைய பூட்டின் துளையிலேயே உட்கார்ந்துவிட்டது, ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு மணி நேரமும் போதுமாக இருந்தது. சுவரில் ஒரு துளை இல்லை. நான்கு ஏஏ பேட்டரி, எங்கள் பயன்பாட்டுக்கு ஏழெட்டு மாதம் வருகிறது. மின்சாரம் போனால் அதற்குத் தெரியவே தெரியாது. யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவு அதன் நினைவகத்தில் இருக்கிறது, போனை அருகில் கொண்டுபோய் எடுத்துக்கொள்ளலாம்.

குறை என்னவென்றால், பேட்டரி தீரும் முன் பீப் பீப் என்று எச்சரிக்கும், அதை ஒருவர் காதில் வாங்கிப் பொறுப்பாக மாற்ற வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை எல்லோரும் கேட்டோம், யாரும் மாற்றவில்லை, வெள்ளிக்கிழமை மாலை பூட்டு அசையவில்லை. நல்ல வேளை, சாவித் துளை உள்ள மாடலாக வாங்கியிருந்தேன். சாவித் துளையோ வெளியிலிருந்து அவசர மின்சாரம் கொடுக்கும் முனையோ இல்லாத பூட்டைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இதில் நான் பட்டே அறிந்தேன். அதற்கு முன் வைத்திருந்த பூட்டு இணையத்தை நம்பி ஓடுவது, மாதச் சந்தா. ஆள் சேர்க்க, நீக்க எல்லாமே அவர்களுடைய சர்வர் வழியாக. ஒரு நாள் அந்தச் சேவையை நிறுத்திக்கொண்டார்கள். கதவு திறந்தது, மூடியது, பழைய கார்டுகள் ஓடின. ஆனால் வேலையை விட்டுப் போன ஒரு பெண்ணின் கார்டை என்னால் நீக்க முடியவில்லை! பூட்டைக் கழற்றி எறிவதைத் தவிர வழியில்லை. எனவே வாங்கும்போது, "இணையம் இல்லாமல், உங்கள் சர்வர் இல்லாமல் ஒரு ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் முடியுமா?" என்று கேட்டு, கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பதில் 1 எழுதியவர்

ஸ்டோர் கதவுக்குப் பேட்டரிப் பூட்டு நல்ல யோசனைதான், நான் ஏற்கிறேன். உள்ளே கைப்பிடியைத் திருப்பினால் எப்போதும் திறக்கும் வகையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாளில் ஐம்பது அறுபது முறை திறக்கும் கதவென்றால் பேட்டரி செலவு ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

முன்கதவுக்கு இரண்டு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன், இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

வெளியேற அழுத்துவதற்கு உள்ளே வைக்கும் எக்ஸிட் பட்டனை கன்ட்ரோலருக்கு மட்டும் இணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கன்ட்ரோலர் உறைந்துபோய் நின்றுவிட்டால் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் காந்தம் விடாது, உள்ளே இருப்பவர் சிறைப்பட்டுவிடுவார். நெருப்புப் பிடித்திருக்கும்போது அப்படி ஆனால்? பட்டன் பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே நேரடியாகத் துண்டிக்க வேண்டும், இடையில் எந்த மூளையும் இருக்கக் கூடாது. என்எஃப்பிஏ 101 என்ற அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியில் காந்தப் பூட்டுக் கதவுக்கு இதைத்தான் கேட்கிறார்கள், பட்டனை அழுத்தினால் குறைந்தது 30 வினாடி பூட்டு விட்டிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் ஊரில் தீயணைப்புத் துறை என்ன கேட்கிறது என்று விசாரித்துவிடுங்கள். அவசரத்தில் உடைத்துக் கதவைத் திறக்கும் பச்சை நிறப் பெட்டி ஒன்றும் பக்கத்தில் வையுங்கள், தீ அலாரம் இருந்தால் அதன் ரிலேயையும் இதே மின் வழியில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து பேட்டரி. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யும் பவர் சப்ளையோடு. அரை ஆம்பியர் காந்தத்துக்குக் கணக்குப்படி 14 மணி நேரம். ரீடரும் கன்ட்ரோலரும் சேர்ந்து இழுக்கும், பேட்டரிக்கும் வயதாகும், எட்டு மணி நேரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்தில் பேட்டரியை மாற்றுங்கள், மாட்டிய தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள். வருடத்தில் இரண்டு முறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள்.

பட்டனுக்குப் பதிலாக ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கண்ணாடிக் கதவில் கவனம் தேவை. கதவின் இடைவெளி வழியாக வெளியிலிருந்து தூசி ஊதும் அழுத்தக் காற்று டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து அடித்தால் குளிர்ந்த புகை உள்ளே போகும், சென்சார் ஆள் வந்துவிட்டதாக நினைத்துக் கதவைத் திறந்துவிடும். அந்த டப்பாவும் உங்கள் கடையில் இருக்கும் பொருள்தான். பட்டனே போதும்.

பதில் 3 எழுதியவர்

ஒரு சின்னச் சேர்க்கை. பொருத்துகிறவர் போவதற்கு முன், ஆளைச் சேர்க்க, நீக்க உதவும் மாஸ்டர் நம்பரை அவர் எதிரிலேயே மாற்றுங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது 123456 மாதிரித்தான் இருக்கும், கையேடு இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். கன்ட்ரோலரின் கடிகாரத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள். நேரம் தப்பாக ஓடினால் நீங்கள் எதற்காக வாங்குகிறீர்களோ அந்தப் பதிவே தப்பான ஆளைக் காட்டும், காணாமல் போன போன் விஷயத்தில் அது இன்னும் பெரிய அநியாயம் ஆகிவிடும்.

கேட்டவர்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

முன்கதவில் முதலில் குளோசரை மாற்றினோம். பழையதில் எண்ணெய் கசிந்து கதவு ஒரு விரல் அளவு திறந்தே நின்றிருந்தது, இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை. அங்கே காந்தப் பூட்டு, வெளியே ரீடர், உள்ளே இரும்புப் பெட்டியில் கன்ட்ரோலர். பொருத்த வந்தவர் தகட்டை இறுக்கப் போனார், நான் ரப்பர் வாஷரைக் காட்டிச் சொன்னதும் தளர்த்திவிட்டார். எக்ஸிட் பட்டனை மட்டும் கன்ட்ரோலருக்குத்தான் இணைப்பேன், எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நின்றார். மின் வழியிலேயே இணைத்தால்தான் மீதிப் பணம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு கன்ட்ரோலரின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, காந்தத்துக்கு மட்டும் மின்சாரம் இருக்கும்படி வைத்து, பட்டனை அழுத்திப் பார்த்தேன். திறந்தது.

வயர் முழுவதும் உரிமையாளர் சம்மதத்தோடு மேல் மூலையில் பிளாஸ்டிக் பட்டைக்குள் போகிறது, சுவரைக் குடையவில்லை. ஸ்டோருக்குப் பேட்டரிப் பூட்டு, சாவித் துளையோடு, கார்டும் ஆளுக்கொரு நம்பரும் சேர்ந்து. கடையில் இணையத்தைத் துண்டித்து ஆளைச் சேர்த்து நீக்கிக் காட்டச் சொன்னேன். முதலில் காட்டிய மாடலில் முடியவில்லை, இரண்டாவதில் முடிந்தது, அதை வாங்கினேன்.

பதிவு பற்றிப் பையன்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசினேன். நேரத்துக்கு வந்தார்களா என்று பார்க்க இதைப் பயன்படுத்த மாட்டேன், ஒரு பொருள் காணாமல் போனால் மட்டும், அதுவும் எல்லோர் எதிரிலும் திறந்து பார்ப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஸ்டோர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அந்த இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்த மூத்தவர் அதைப் படித்துவிட்டு, என் கார்டைக் கொடுங்கள் என்று முதல் ஆளாக வந்து வாங்கிக்கொண்டார்.

பேட்டரி மாற்றும் பொறுப்பும் அவருக்குத்தான், தேதியை அவரே எழுதி ஒட்டிவிட்டார்.

பதில் 2 எழுதியவர்

படிக்கவே நிம்மதியாக இருக்கிறது. அந்தக் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதினீர்கள் என்று முழுசாகப் பகிர முடியுமா? எங்கள் அச்சகக் கதவிலும் ஒட்ட வேண்டும், எங்களிடம் கார்டு வந்து நாலு வருடம் ஆகிறது, இப்படி ஒரு பேச்சு நாங்கள் பேசவே இல்லை.